இருபது தோட்டா

கொசுவைத் தவிர வேறொரு பிராணியைக் கொன்றறியாதவன் நான். வேட்டையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கென்னத் ஆண்டர்ஸன் எழுதிய சேலம், தருமபுரிக் காட்டு அனுபவங்களைப் படித்ததோடு சரி. 1972-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு நம் பக்கத்தில் அந்தப் பேச்சு ஏது? ஆகையால், பென்ஸில்வேனியாவில் பெண் வீட்டில் தங்கியிருந்தபோது, அடுத்த வீட்டுக் கிழவர் கார் ஷெட்டில் உட்கார்ந்து தோட்டா தயாரிக்கிறார் என்று கேட்டதும் கொஞ்சம் உதறல்தான். ஆனால் பொழுது போகாத கொடுமை இருக்கிறதே, அது பயத்தை ஜயித்துவிட்டது.

போய்ப் பார்த்தால், தட்டார் பட்டறை! சிறு தராசு, இடுக்கி, கைப்பிடி போட்ட ஓர் அச்சு யந்திரம். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடு சற்று உப்பிவிடுகிறதாம். அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதுக் கேப்பு வைத்து, மருந்து போட்டு, மேலே குண்டைச் செருகவேண்டும். மருந்தை நிறுப்பது 'கிரெய்ன்' கணக்கில். ஏறக்குறையப் பாதிக் குன்றிமணி. அதிலும் பத்தில் ஒரு பங்கு கூடாமல் குறையாமல் பார்க்கிறார்! புத்தகத்தில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு நன்றாகக் கீழே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். ஒவ்வோர் அளவிலும் மூன்று தோட்டா. நூறு கஜத்திலிருந்து சுட்டு, காகிதத்தில் துளைகள் எந்த அளவில் நெருங்கி விழுகின்றன என்று குறித்துக்கொள்வார். அது முடிந்த பிறகுதான், குண்டு கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் உட்காருகிறது என்பதை மாற்றிப் பார்ப்பார்.

"இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது" என்றார். எனக்குத் தெரிந்த சில வைத்தியர்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஒரு நாள் அவர் மருந்து போட்டுக்கொண்டிருக்கையில், "மான் கறி எப்படி இருக்கும்?" என்று கேட்டுவைத்தேன். கை நின்றது. இருபது கூடுகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மருந்தை டப்பாவில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். மருந்தில்லாத கூடு ஒன்று தப்பி நுழைந்தால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். அடுத்த வெடியில் குழல் பிளந்துவிடும். அன்று முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சுவரில் இரண்டு ரைபிள்கள். பெரியது தகப்பனாருடையது, அமெரிக்க ராணுவம் 1906-ல் ஏற்றுக்கொண்ட.30-06 தோட்டாவைப் போடுவது. சின்னது, 1955-ல் வந்த .243.

"அப்பாவுடையது குதிரை மாதிரி உதைக்கும். வயசானதும் தோள் பயப்பட ஆரம்பித்தது. தோள் பயந்தால் விரலும் கெட்டுப்போகும். மானுக்குச் சின்னது போதும்" என்றார்.

"மானின் இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் எட்டு அங்குல அகலம் என்கிறீர்கள். அதற்கு அரை அங்குலக் கணக்கு எதற்கு?"

கிழவர் தராசை மூடினார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்மான். அடி பட்டது, விழவில்லை. இருட்டும்வரை ரத்தத்தைத் தொடர்ந்து போனேன். அகப்படவில்லை. அப்போதெல்லாம் கடைத் தோட்டாதான். தப்பு துப்பாக்கியுடையதா, தோட்டாவுடையதா, என்னுடையதா? இன்றுவரை தெரியாது. இனிமேல் தப்பினால் அது என்னுடையது என்றாவது தெரியவேண்டும்."

நவம்பர் கடைசியில், வேட்டை தொடங்கும் சனிக்கிழமை, ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு விடியுமுன் போனார். சாயங்காலம் ஷெட்டில் விளக்கு எரிந்தது. போனேன். பையிலிருந்து நாலு தோட்டாவை எடுத்துப் பெட்டியின் குழிகளில் வைத்தார். இருபதும் இருந்தன.

"எண்பது கஜத்தில் நின்றது. கை நடுங்கிற்று" என்றார், குளிரைப் பற்றிச் சொல்வதுபோல.

பெட்டியை மூடிவிட்டு, "கறி எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே, மன்னிக்கவேண்டும்" என்றார்.

நான் சைவம் என்று அவரிடம் சொல்லவே இல்லை.