சிற்பம் விற்று வாங்கிய படக்கருவி

கனடாவின் வடகோடியில், பனி சூழ்ந்த இக்லூலிக் என்னும் தீவூர்ப் பள்ளிக்கு 1966-இல் இனுயிட் சிறுவன் ஒருவன் அனுப்பப்பட்டான். மண்குடிலில் வளர்ந்தவன், ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாதவன். ஊர் மண்டபத்தில் திரைப்படம் காண 25 சென்ட் கட்டணம். அதற்காகக் கல்லில் சிறு உருவங்கள் செதுக்கி விற்றான். 1981-இல், வளர்ந்த அம்மனிதர் மொன்றியல் சென்று தம் சிற்பங்களை விற்று, ஒரு வீடியோ கேமராவுடன் ஊர் திரும்பினார். அவரே சக்கரியாஸ் குனுக். நாவு கட்டுண்டு, பின் மீண்டும் பேசிய செக்கரியாவின் பெயர்தான்!

நண்பர்களுடன் 1990-இல் அவர் தொடங்கிய நிறுவனத்திற்கு 'இசுமா' என்று பெயர்; சிந்தனை என்பது பொருள். 'அதனார்ஜுவாட்' என்னும் பழங்கதையைப் படமாக்க முனைந்தபோது, முதியோர் பலரிடம் அதனைக் கேட்டுப் பதிவுசெய்தனர். ஊர்ப் பெண்கள் தோலாடை தைத்தனர், ஊராரே நடித்தனர். முழுவதும் இனுக்டிடுட் மொழியில் அமைந்த அப்படம் 2001-இல் கான் விழாவில் தங்கக் கேமரா விருது பெற்றது. விருது கிடக்கட்டும். பள்ளி பிரித்துவைத்த பாட்டனும் பேரனும் அமர்ந்து பேச ஒரு காரணம் கிடைத்ததே, அதைத்தான் நாம் பெரிதென்போம். இளையோர் தற்கொலைகள் அவ்வூரை உலுக்கியிருந்தன. அத்துயரிலிருந்தே 1998-இல் 'ஆர்ட்சர்க்' என்னும் இளைஞர் வித்தைக்குழுவும் அங்கே பிறந்தது.

குனுக்கும் நார்மன் கோனும் இயக்கி 2006-இல் வெளிவந்த மற்றொரு படம் நம்மைத் தூங்கவிடவில்லை. 1922-ஆம் ஆண்டுக் கதை. பசியால் வாடிய குடும்பம் இக்லூலிக் வந்து சேர்கிறது. புதிய மறையை ஏற்போர்க்கே அங்கு இறைச்சி. கொடுப்பவரும் இனுயிட் மனிதரே. மறைபரப்பாளர் எவரும் அங்கில்லை. இறுதியில் முதிய பூசாரி, தமக்குத் துணைநின்ற ஆவிகளை விடைகொடுத்து அனுப்புகிறார். அவை வாய்விட்டு அழுதபடி பனிவெளியில் நடந்து மறைகின்றன.

முதன்முறை பார்த்தபோது நாம் அவ்விடத்தில் எழுந்துவிட்டோம். மறையுண்மைக்கு மாறான காட்சி என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். குருமடத்தில் பண்பாட்டுமயமாக்கல் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர்கள்தாம் நாம்! பசித்தவன் கையில் உணவைத் தருமுன் அவனிடம் என்ன கேட்டோம் என்னும் வினா அவ்விடைத்தாளில் இல்லை. இரண்டாம் முறையே அழுகை முடியுமட்டும் அமர்ந்திருந்தோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 29 அன்று வடபுலத்து இக்கலூயிட் நகருக்குச் சென்றார். உறைவிடப் பள்ளிகளில் கத்தோலிக்கர் இழைத்த தீமைகளுக்காக இனுயிட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். முதியோரும் இளையோரும் சேர்ந்து அமர்ந்து கேட்டனர். அவர்கள் கூடியிருந்த இடம் ஒரு தொடக்கப்பள்ளி.