கைக்குள் ஓடும் என்ஜின்

சங்ககிரி லாரிக்காரங்க ஊரு. என்ஜின் ஓடுதான்னு பானட்டில் கை வைத்தே சொல்லிடுவாங்க. டயாலிசிஸ் பண்ணும் எங்க பெரியப்பா கையிலும் அப்படியொரு அதிர்வு இருக்குங்க.

தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் 'ஃபிஸ்டுலா' அது. நியூயார்க் டாக்டர்கள் பிரெஷியா, சிமினோ குழு 1966-ல் வெளியிட்ட முறை.

அதிர்வு நின்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பெரும்பாலும் சிரை சுருங்குவதுதான் காரணம். அடுத்த டயாலிசிஸ் அன்று சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க, அன்றே ஓடணும். சீக்கிரம் போனால் உறைவைக் கரைக்க மருந்து உண்டு. பலூன் குழாயால் இழுத்தெடுத்து, சுருங்கிய இடத்தை விரிக்கவும் செய்வாங்க. தாமதித்தால் கழுத்தில் குழாய், மறுபடி ஆபரேஷன், புது ஃபிஸ்டுலா பழுக்க வாரக்கணக்கில் காத்திருப்பு.

அந்தக் கையில் பிபி பார்க்க, ரத்தம் எடுக்க விடாதீங்க. தினமும் காலையில் விரல் வைத்துப் பாருங்க. காசு செலவில்லாத டெஸ்ட்!