நாலு மூலையில் நிற்கும் பெட்டி

"உள்ள போய் நில்லுங்க சார், கதவைச் சாத்துறேன். பயப்படாதீங்க" என்றார் மேஸ்திரி. அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இரண்டு கதவுகளும் மூடி, பூட்டுக்கம்பிகள் கொக்கியில் விழுந்த சத்தம் காதுக்குள் நின்றது. காலை ஒன்பதரைக்கே பெட்டிக்குள் இட்லிக் கொப்பரைச் சூடு. பழைய மரமும் ரப்பரும் கலந்த வாடை. அதோடு, எப்போதோ ஏற்றிய ஏதோ ஒரு சரக்கின் காரமான மிச்சம்.

"வெளிச்சம் எங்கயாவது தெரியுதா?" வெளியிலிருந்து குரல் வந்தது.

கூரை நடுவில் கடுகளவு ஒரு புள்ளி தெரிந்தது. இடது சுவர் தரையோடு சேரும் இடத்தில் முழ நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு. சொன்னேன். கதவைத் திறந்த மேஸ்திரி கூரையைப் பார்க்கவே இல்லை. குனிந்து, இடதுபக்கக் கீழ்ச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர், கணீர், பொத். அங்கே நின்றார். சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"மேல இருக்கிற ஓட்டைக்கு ஒரு துண்டு தகடு வச்சா முடிஞ்சது. இது கீழ்ச்சட்டம். இது போச்சுன்னா பெட்டி போச்சு. அடுத்தது பாப்போம்."

மணலி புதுநகரைத் தாண்டிப் பொன்னேரிச் சாலையில் போனால் இரண்டு பக்கமும் பெட்டிகள் நாலடுக்கு, ஐந்தடுக்காக நிற்கும். அப்படி ஒரு யார்டின் பின்பக்கத்தில்தான் அவருடைய பட்டறை இருக்கிறது. அங்கே யாரும் கன்டெய்னர் என்று முழுதாகச் சொல்வதில்லை. பெட்டி. இருபதடிப் பெட்டி, நாற்பதடிப் பெட்டி.

நாங்கள் போனது ஒரு வழக்கோடு. என் மைத்துனர் மதுராந்தகம் பக்கத்தில் தன் நிலத்துக்கு ஒரு இருபதடிப் பெட்டி வாங்கியிருந்தார். விற்றவர் கைபேசியில் நாலு படம் அனுப்பினார், இவர் பணம் அனுப்பினார். வாங்கியபோது சரியாக இருந்த கதவு, ஒரு மழைக்காலம் முடிந்ததும் மூட மறுத்தது. ஓட்டை ஒன்றுகூட இல்லாத பெட்டிக்குள் உர மூட்டைகள் நனைந்து கிடந்தன. ஏமாற்றிவிட்டார்கள் என்று மைத்துனருக்குக் கோபம். ஆனாலும் ஆசை விடவில்லை. கதவைச் சரி செய்ய ஆள் கேட்க வேண்டும், அப்படியே இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கி, நீளவாக்கில் கண்ணாடி வைத்துத் தங்கும் அறையாக மாற்ற வேண்டும். "நீங்களும் வாங்க மாமா, எழுதுறதுக்கு ஆகும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கதவுக் கதையைக் கேட்ட மேஸ்திரி கதவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "நாலு மூலையும் எது மேல உக்காந்திருக்கு?" என்றார்.

"ஹாலோ பிளாக் கல் மேல. மூலைக்கு ரெண்டு."

"கான்கிரீட் போடல?"

"இல்ல."

"அப்ப கதவு நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார். அவர் சொன்னது புரிய எனக்கு அரைநாள் ஆயிற்று.

இந்தப் பெட்டியின் பிறப்பு அமெரிக்காவில். லாரி முதலாளியாக இருந்த மால்கம் மெக்லீன், 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று நின்று பூட்டிக்கொள்ளும் மூலை வார்ப்பை வடிவமைத்தவர் கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர். எனக்கு மெக்லீனைவிட இவர்தான் முக்கியமாகப் படுகிறார். அந்த எட்டு மூலைத் துண்டுகளை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் தகரப் பெட்டிதான். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. வடசென்னையின் உப்பளங்களும் சதுப்பும் வயலும் பெட்டி அடுக்கும் மைதானங்களானது அதற்குப் பிறகு நடந்த கதை.

மேஸ்திரி, கதவில் ரிவெட் அடித்த ஒரு தகட்டைக் காட்டிப் படிக்கச் சொன்னார். 1972இல் நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட கன்டெய்னர் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டிய தகடு அது. செய்த மாதம், வருடம், சரக்கோடு சேர்த்து எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் இருந்தது. மேலே அடுக்கக்கூடிய எடை என்ற இடத்தில் 192,000 கிலோ. காலிப் பெட்டியின் எடையே சுமார் இரண்டேகால் டன்தான். அது தலையில் 192 டன் தாங்குகிறது.

"அப்ப கூரை மேல தண்ணித் தொட்டி வைக்கலாமா?" மைத்துனர் கண்கள் விரிந்தன.

"வைக்கலாம், நாலு மூலையிலயும் பாரம் இறங்குற மாதிரி சட்டம் போட்டு வச்சா. நடுவுல வச்சா குழி விழும்."

கூரைக்கான சோதனை விதியே வேறு. இரண்டடிக்கு ஓரடி இடத்தில் 300 கிலோ தாங்கினால் போதும். நாலைந்து ஆள் நெருக்கி நிற்கிற எடை. சுவர்த் தகட்டின் கனம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். எடையெல்லாம் நாலு தூண் வழியாக நாலு மூலைக்கு இறங்குகிறது. அந்த மூலைகளில் ஒன்று மண்ணுக்குள் அழுந்தினால் முழுப்பெட்டியும் ஒரு நூல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கல் முதலில் தெரிவது கதவுப் பக்கத்தில், ஏனென்றால் மற்ற மூன்று பக்கமும் தகடு பிடித்திருக்கிறது, அங்கே மட்டும் பிடிமானம் இல்லை. கேள்வி கதவைப் பற்றி இல்லாமல் கல்லைப் பற்றி வந்ததற்குக் காரணம் இதுதான்.

மூட்டை நனைந்ததற்கும் பதில் வைத்திருந்தார். பகல் முழுக்க உள்ளே சூடேறிய காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அது வேர்க்கும். மூடி போட்ட சோற்றுப்பானையில் சொட்டுவது போலச் சொட்டும். "அது மழை இல்ல சார், பெட்டியோட வேர்வை. கீழ ரெண்டு, மேல ரெண்டு காத்துப்போக்கி வச்சா நின்னுடும்."

பட்டறையில் அன்றைக்கு ஒரு இருபதடிப் பெட்டி சைட் ஆபீஸ் ஆகிக்கொண்டிருந்தது. கழுவும் வேலை முடிந்து, சுவரில் நூலடித்து ஜன்னலுக்குக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டைக் கவனித்தால்தான் கைப்பழக்கம் தெரியும். சுவர்த் தகடு மேடு பள்ளமாக மடிந்திருக்கும். கோடு இரண்டு பக்கமும் மேட்டின் தட்டையான நடுவிலேயே விழுந்திருந்தது. பள்ளத்தின் சரிவில் வெட்டினால் ஜன்னல் சட்டம் ஒட்டி உட்காராது, இடைவெளியை அடைக்கத் துண்டு தகடு தேட வேண்டும். ஜன்னலின் அகலத்தை வாடிக்கையாளர் நாலடி என்றாலும் கடைசியில் தீர்மானிப்பது அந்த மடிப்புகள்தான்.

முதலில் தரையில் வைத்து இரண்டங்குலச் சதுரக் குழாயில் சட்டம் செய்கிறார்கள். டேப்பால் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து, இரண்டளவும் ஒன்றாக வரும்வரை தட்டிக் கொண்டுவருகிறார்கள். அப்புறம்தான் கிரைண்டர். நாலு கோட்டையும் வெட்டிவிட்டு மூலைகளில் மட்டும் விரல் அகலம் விட்டுவைத்தார் வெட்டியவர். விடாமல் வெட்டினால் தகடு திடீரென்று விழுந்து காலைப் பதம் பார்க்கும். இரண்டு பேர் பிடித்துக்கொண்ட பிறகு மூலைகளை விடுவித்தார்கள். வெட்டிய தகட்டை எறியவில்லை. அதற்கே கீல் வைத்து, மேல்நோக்கித் தூக்கி நிறுத்தினால் வெயில் மறைப்பு, இறக்கிப் பூட்டினால் ஜன்னல் கதவு.

சட்டத்தை வைத்துப் பற்றவைத்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மேலே ஒரு அங்குலம், பிறகு கீழே ஒரு அங்குலம், பிறகு வலது, பிறகு இடது என்று தாவித் தாவி வைத்தார். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் என்ன என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பட்டறைச் சுவரில் சாய்த்திருந்த ஒரு தகட்டைக் காட்டினார். அப்பளம் போல நெளிந்திருந்தது. "புதுப் பையன் வச்சது" என்றார். மெல்லிய தகட்டில் சூடு ஒரே இடத்தில் சேரக் கூடாது. ராடு கொஞ்சம் நின்றாலும் ஓட்டை விழும். அதற்கும் முன்னால், பற்றவைக்கிற ஓரத்தில் ஓரங்குல அகலத்துக்குப் பழைய பெயின்டைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். கப்பல் பெயின்ட் எரிகிற புகை நல்லதல்ல.

மைத்துனர் பொறுமை இழந்து கண்ணாடிச் சுவர் விஷயத்தை எடுத்தார். இருபதடி நீளத்தில் பதினைந்து அடியைத் திறந்துவிட வேண்டும்.

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சிகள் இருந்த தட்டை உருவி மேசையில் வைத்தார். வெளிக்கூட்டை இரண்டு விரலால் பக்கவாட்டில் அழுத்தினார். சாய்ந்து படுத்துவிட்டது. தட்டை மறுபடி நுழைத்து அழுத்தினார். அசையவில்லை. "சுவர்த் தகடுதான் சார் இந்தத் தட்டு. எடுக்கலாம். எடுத்த இடத்துல அதே அளவு பலத்தை இரும்பா திருப்பி வைக்கணும். மேலயும் கீழயும் சேனல், நடுவுல தூண், பெட்டிக்கு அடியில இன்னும் ரெண்டு காலு. பெட்டி வாங்குன காசு அதுலயே போகும்."

பிறகு கணக்கு ஒன்று போட்டார். சாதாரணப் பெட்டியின் உள்ளுயரம் ஏழடி பத்தங்குலம், அகலம் ஏழடி எட்டங்குலம். வெயில் தாங்க இரண்டங்குல ராக்வூல், அதன்மேல் பிளைவுட். இரண்டு பக்கமும் கழித்தால் அகலத்தில் ஏழடிக்குக் கொஞ்சம் மேலே மிஞ்சும். கட்டிலைக் குறுக்கே போட்டால் நடப்பதற்கு இடம் இல்லை. கூரைக்கும் அதே கனம் கொடுத்தால் சீலிங் ஃபேன் கிடையாது. மாட்டினால் சட்டை கழற்றக் கை தூக்குகிறவர் விரல் போகும். ஓரடி உயரம் கூடுதலான ஹைகியூப் பெட்டி உண்டு, ஆனால் அது பெரும்பாலும் நாற்பதடியில்தான் கிடைக்கும். நாற்பதடி ட்ரெய்லர் மைத்துனரின் நிலத்துக்குப் போகும் ஏரிக்கரை வளைவில் திரும்பாது. எதைச் செய்தாலும் பெட்டிக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு இன்னொரு தகரக் கூரை போடாமல் தமிழ்நாட்டு மே மாதத்தில் உள்ளே இருக்க முடியாது.

கத்தாரில் 2022 உலகக் கோப்பைக்காக 974 பெட்டிகளை வைத்து ஒரு மைதானமே எழுப்பினார்கள். கிர்கிஸ்தானின் தலைநகரத்தில் தோர்தோய் என்ற பெருஞ்சந்தை முழுவதும் இரட்டையடுக்குப் பெட்டிகள், கீழே கடை, மேலே கிடங்கு. எனக்கு இரண்டாவதுதான் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. பெட்டியை வெட்டாமல், அது பழகிய வேலையையே அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பட்டறையிலிருந்து போனவையும் அநேகமாக அப்படித்தான்: ஜெனரேட்டர் அறை, கட்டட வேலைக் கிடங்கு, காவலர் அறை, சாலையோர டீக்கடை. பழைய குளிர்ப்பெட்டிகளைக் கேட்டு மீன், இறால் வியாபாரிகள் வருவார்களாம். அவற்றின் சுவருக்குள் நுரை அடைப்பு ஏற்கெனவே இருக்கிறது, இயந்திரம் ஓடாவிட்டாலும் ஐஸ் போட்டு வைக்கலாம். மண்ணுக்குள் புதைத்து நிலவறை கேட்டு வருகிறவர்களை மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுகிறார். சுவர் பக்கவாட்டில் மண்ணைத் தாங்காது.

வாங்குகிறவர்கள் மறக்கிற இன்னொன்று காகிதம். சரக்கோடு வரும் வெளிநாட்டுப் பெட்டிக்கு இங்கே சுங்கவரி இல்லை. ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையில் வரும் விருந்தாளி அது. இங்கேயே தங்குவதென்றால் வரி கட்டியிருக்க வேண்டும். அந்த ரசீதின் நகலையும் பெட்டி எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. மைத்துனர் தன் பெட்டிக்கு எதையுமே கேட்டிருக்கவில்லை. சாயங்காலமே விற்றவருக்கு போன் போட்டார். தேடித் தருவதாகச் சொன்னாராம்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் தனியாக நிழலில் படுத்திருந்தான். பீகாரிலிருந்து வந்தவன், இருபது வயது இருக்கும். கண்ணில் ஈரத்துணி. முந்தின நாள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன், கண்ணாடி இல்லாமல். ஆர்க் அடித்துவிட்டது. அடித்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்த ஆரம்பிக்கும். உருளைக்கிழங்கைச் சீவி வைத்திருக்கிறான். பற்றவைக்கிறவரிடம் முகமூடி இருந்தது. பிடிக்கிறவனுக்கு இல்லை. மேஸ்திரியிடம் இதைக் கேட்டேன். காலை முழுவதும் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவர், "வாங்கிக் குடுத்தா போட மாட்டேங்கிறானுங்க சார்" என்றார். பட்டறையில் தேடிப் பார்த்தேன், இரண்டாவது முகமூடி கண்ணில் படவில்லை. மைத்துனருக்குக் கொடுத்த கொட்டேஷனில் ஸ்க்ரூ கணக்கு வரை இருந்தது. முகமூடிக்கு வரி இல்லை. பெட்டி செய்யக் கொடுக்கிறவர்கள் அந்த ஒரு வரியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது பெட்டி இன்னும் வாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகத்தில் ஒரு கொத்தனாரை அழைத்து, டியூப்பில் தண்ணீர் பிடித்து நாலு மூலைக்கும் மட்டம் பார்த்தோம். தென்மேற்கு மூலை ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருந்தது. லாரி ஜாக்கி வைத்துத் தூக்கி, கல்லை எடுத்துவிட்டு, குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு, ஒரு வாரம் கழித்து அதன்மேல் இரும்புத் தகடு வைத்து இறக்கினோம். மற்ற மூன்று மூலைக்கும் அதேபோல் செய்ய இன்னும் இரண்டு ஞாயிறு ஆனது. கதவில் நாங்கள் கை வைக்கவே இல்லை. கடைசி ஞாயிறு மாலை, ஏழாம் வகுப்புப் படிக்கும் மைத்துனரின் மகள் அதை ஒரு கையால் சாத்தினாள்.