எந்தத் துலம்?

ஊரில் ஒருவன் பி.காம். படித்துவிட்டால் போதும். சீட்டுக் கணக்கு, வட்டிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அவன் தலையில்தான் விடியும். ஆர்.கே.பேட்டையில் என்னிடம் வந்த கேஸ்களில் ரொம்ப விசித்திரமானது கோலியாத் கேஸ்!

கொண்டுவந்தவர் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நண்பர். டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "சார், கோலியாத்தோட கவசம் 5,000 சேக்கல்னு பைபிள்ல இருக்கு. பசங்க எத்தனை கிலோன்னு கேக்குறாங்க..."

பழைய யூதேயா நாட்டு மண்ணைத் தோண்டியபோது, அந்தக் காலத்து எடைக்கற்கள் நிறையக் கிடைத்தன. அவற்றை நிறுத்துப் பார்த்து, ஒரு சேக்கல் சுமார் 11.4 கிராம் என்று கண்டிருக்கிறார்கள். 5,000-ஆல் பெருக்கினால் 57 கிலோ. ஈட்டி முனை தனியாக 600 சேக்கல். ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

நண்பர் முகத்தில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர், பழைய நெசவுக்காரர், "மணங்குல சொல்லுப்பா" என்றார். சொன்னேன். மூன்று துலம் ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு. ஆக, கோலியாத்தின் கவசம் ஐந்து மணங்கு!

"அடேயப்பா! அதைப் போட்டுக்கிட்டு சண்டை வேறயா?" என்று பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். எந்த அளவையில் வளர்ந்தோமோ அதில் சொன்னால்தான் சுமை சுமையாகத் தெரிகிறது. (இதில் எங்கள் ஊருக்கு இன்னொரு கூத்து. நூல் நம்பருக்கு இன்றும் கிலோ கிடையாது. 60-ம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 60 சிட்டம், ஒரு சிட்டம் 840 கெஜம். வெள்ளைக்காரன் போனாலும் அவன் பவுண்டு தறியை விட்டு இறங்கவில்லை.)

அதே பைபிளில் அப்சலோம் என்று ஓர் இளவரசன். அவன் வெட்டிய தலைமுடி 200 சேக்கல். அதாவது 2 கிலோ 280 கிராம். திருத்தணி மலையில் எத்தனையோ மொட்டை பார்த்திருக்கிறேன். ஒரே தலையில் ஒன்றரை வீசைக்கு மேல் முடியா? அதை ராஜாவின் எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்றும் குறித்து வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் கடைத்தெருக் கல் வேறாக இருந்திருக்க வேண்டும். எத்தனை சேக்கல் என்பதோடு, எந்தச் சேக்கல் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இதை நான் ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டிலேயே அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது.

தொண்ணூறு வயதைத் தாண்டிய பாட்டி காலமானபின், அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். நகைகளோடு தாத்தாவின் கணக்கு நோட்டு. 1955-ல் எழுதியது. தாத்தா பேசியது தமிழ், எழுதியது தெலுங்கு. அப்போது எங்கள் பக்கம் ஆந்திராவின் சித்தூர் ஜில்லா. 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் திருத்தணி வட்டாரம் தமிழ்நாட்டுக்கு (அன்றைய பெயர் மெட்ராஸ்) வந்தது. நோட்டில் ஒரு வரி: பெண்ணுக்கு 12 துலம்.

பெண் என்றால் என் அத்தை. நகரியில் வாழ்க்கைப்பட்டு எழுபதைத் தாண்டியவள். பிறந்த வீட்டிலிருந்து பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை.

பெரியப்பா சொன்னார்: "துலமாவது ஒண்ணாவது! பவுனைத்தான் அப்படி எழுதியிருக்கார். 12 பவுன், 96 கிராம்."

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் அத்தை மகன் (பாவா என்றுதான் கூப்பிடுவோம்) போனிலேயே குரலை உயர்த்தினார். "இங்க எந்தக் கடையில வேணா கேளு. துலம்னா பத்து கிராம். 120!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாவா வீடியோ காலில் பார்த்தார்.

எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. கிலோ, கிராமுக்கு இந்தியாவில் சட்டம் போட்டதே 1956-ல். கடைகளுக்கு வர ஆரம்பித்தது 1958 அக்டோபரில். கிராமே வராத 1955-ல் பத்து கிராம் துலம் எங்கிருந்து வரும்? அது பின்னால் கணக்குச் சௌகரியத்துக்காக முழுசாக்கியது. பவுன் என்பது இங்கிலாந்து சவரன் காசு. அசல் எடை 7.988 கிராம், நாம் அதை 8 ஆக்கிக்கொண்டோம். துலமோ 180 கிரெயின், 11.66 கிராம், அந்தக் காலத்து வெள்ளி ரூபாயின் எடை. எடைக்கல் இல்லாத வீட்டில் ரூபாயைத் தட்டில் போட்டு நிறுத்தார்கள்.

ஆக 12 துலம், 140 கிராம். பெரியப்பா சொன்னதற்கும் இதற்கும் 44 கிராம் வித்தியாசம். ஐந்தரைச் சவரன்! இன்றைய விலையை நீங்களே போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்குக் கை நடுங்கியது.

"உனக்கு எப்படிடா தெரியும் அவர் மனசுல இருந்தது?" என்றார் பெரியப்பா. நியாயமான கேள்வி. நோட்டைப் புரட்டினேன். நாலு பக்கம் தள்ளி, காசுமாலைக்கு 4 பவுன் என்று எழுதியிருந்தார் தாத்தா. பவுனைப் பவுன் என்றும் துலத்தைத் துலம் என்றும் எழுதத் தெரிந்த மனுஷர்!

பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு பெட்டியின் அடியிலிருந்து ஏழாம் எட்வர்ட் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆசாரி கடைக்குப் புறப்பட்டார். எலக்ட்ரானிக் தராசு 11.58 காட்டியது. நூறு வருடத்துக்கு மேல் எத்தனை கைகளில் தேய்ந்ததோ!

அத்தைக்கு 140 கிராம் என்று முடிவானது. பாவாவுக்குக் கேட்டதைவிட 20 கிராம் அதிகம். அன்றிலிருந்து எனக்குத் தினமும் குட்மார்னிங் வருகிறது. பெரியப்பா என்னோடு நேரடியாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். மறுநாள் பெரியம்மாவிடம் சொல்லி அனுப்பினார்: "ரூபாய் 11.58-தானே காட்டிச்சு? துலத்துக்கு 0.08 வீதம் கழிக்கணும்ல?"

12 துலத்துக்கு 0.96 கிராம். நான் வாதாடத் தயாரானேன். அத்தை போனில் சிரித்தாள். "கழிச்சுக்கச் சொல்லுடா. அண்ணன்தானே! அந்த ரூபாயை மட்டும் எனக்குக் குடுத்துடச் சொல்லு."