ஆமூர் மல்லனும் யாமும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர் ஒருவர் மற்போர் பயில்கின்றார் என்று கேட்டால் நம் கல்லூரியில் நகையாதார் அரியர். எம்மை நேரிற் கண்டவர்க்கு அந்நகை பின்னும் பெருகும். எம் எடை 54 கிலோ. அதிலும் ஒரு பகுதி மூக்குக்கண்ணாடியின் எடை என்பர் நண்பர். (யாம் ஒருவரே. 'யான்' என்று தொடங்கினால் தற்புகழ்ச்சி புகுந்துவிடுமோ என்று அஞ்சி 'யாம்' என்கின்றோம். புகழ்தற்குரிய செயல் இதனுள் ஒன்றும் இல்லையென்பதை நேயர்கள் விரைவிற் காண்பார்கள்.)

யாம் மற்களம் புகுந்தது உடல்வலிமை வேண்டியன்று. ஒரு செய்யுளுக்குப் பொருள் காணவேண்டியே. புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாட்டுக்களும் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியைப் பற்றியன. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை. பின் மூன்றும் நக்கண்ணையார் பாடியவை. முக்காவனாட்டு ஆமூரில் இருந்த மல்லன் ஒருவனை அவ்வரசன் பொருது கொன்ற செய்தி சாத்தந்தையார் பாட்டில் வருகின்றது. ஒரு கால் மல்லனுடைய மார்பின்மேல் மண்டியிட்டு நிற்க, மற்றைக் கால் அவன் செய்யும் சூழ்ச்சிகளைத் தடுத்துப் பின்புறம் வளைகின்றது என்பது 80-ஆம் பாட்டிற் கண்ட காட்சி. எந்தக் கால் எங்கே? பின்புறம் என்பது யாருடைய பின்புறம்? எம் பேராசிரியர் மேசைமீது டஸ்டர் ஒன்றையும் சாக்பீஸ் ஒன்றையும் வைத்து மற்போர் நடத்திக் காட்டினார். டஸ்டர் வென்றது. பொருள் மட்டும் விளங்கவில்லை.

அப்பொழுது கடைசி இருக்கையிலிருந்த நண்பர் ஒருவர், முத்தியாலுப்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் மாலைதோறும் இக்காட்சி நடைபெறுகின்றது என்றார். மறுநாளே சென்றோம். தகரக் கூரையின்கீழ் நீலநிற மெத்தை விரிப்புக்கள், வியர்வை நாற்றம், கடற்காற்று. இருபது பேர் இருவர் இருவராகப் பிணைந்து உருண்டுகொண்டிருந்தனர். பயிற்றும் ஆசிரியரை எல்லாரும் 'மாஸ்டர்' என்றே அழைத்தனர். எம் ஐயத்தைக் கேட்டு அவர் சிரித்தார். பின்னர் எம்மை மல்லாக்கக் கிடத்தித் தம் வலக்கால் முழங்காலை எம் மார்பின்மேல் ஊன்றினார்; இடக்காலை அகல நீட்டிப் பாதத்தை ஊன்றிக்கொண்டார். யாம் எப்பக்கம் புரண்டாலும் அந்த இடக்கால் எமக்கு முன்னே அங்குச் சென்று நின்றது. எம் கை அவருடைய முழங்காலைத் தள்ளச் சென்றபோது, நீட்டிய கால் எம் தலைப்புறமாகச் சுற்றிவந்து கையைச் சிறைசெய்தது. மூச்சு முட்டியது. ஆயினும் எம் வாயினின்று வந்த முதற் சொல், "சாத்தந்தையார்!" என்பதே. அவர் யாரென்று மாஸ்டர் கேட்டார்.

இக்கலையின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். 1882-இல் ஜப்பானியராகிய கானோ ஜிகோரோ, பழைய ஜூஜிட்சு முறைகளைத் திருத்தி ஜூடோ என்னும் பெயரால் வகுத்தார். அவர் பள்ளியிற் பயின்ற மாயேதா மிட்சுயோ என்பவர் 1914-இல் பிரேசில் நாட்டை அடைந்தார். பெலெம் நகரத்தில் கார்லோஸ் கிரேசி என்னும் இளைஞருக்குக் கற்பித்தார். கார்லோஸின் இளவல் ஹீலியோ மெலிந்த உடம்பினர். நின்று வீசி எறிதல் தமக்கு இயலாதெனக் கண்டு, தரையிற் கிடந்தபடியே வலியாரை மடக்கும் நெம்புகோல் முறைகளை அவர் பெருக்கினார் என்பர். நம் நாட்டிற்கும் இது முற்றிலும் புதிதன்று. 1929-இல் தாகூர் தம் சாந்திநிகேதனத்திற்குத் தகாகாகி ஷின்சோ என்னும் ஜூடோ ஆசிரியரை வரவழைத்தார். நம் குத்துவரிசையாசிரியர்களிடத்தும் பிடிவரிசை என ஒன்று உண்டு. நம் நகரினின்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் வரும் மாமல்லபுரமோ, மல்லன் என்னும் சொல்லையே பெயரிற் சூடிய பல்லவனுடைய ஊர். 2018-இல் ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுக்களில் ஜூஜிட்சும் முதன்முறையாக இடம்பெற்றது.

பொருள் விளங்கிய அன்றே யாம் வீடு திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் சென்றோம். அதன் அடுத்த கிழமையும் சென்றோம். முதல் ஒரு திங்கள் யாம் கற்றது தரையில் நகர்தல் ஒன்றே. மல்லாந்து கிடந்து, ஒரு காலை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, உடல் வளைந்து விலகவேண்டும். இதற்கு இறால் என்று பெயர். உலகெங்கும் இப்பெயரே வழங்குகின்றதாம். பெரிய மார்க்கெட்டில் அம்மா கூடையிலிருந்து பொறுக்கியெடுக்கும் இறாலை இத்தனை ஆண்டு உண்டும் அதன் நுட்பத்தை யாம் அறிந்திலேம்.

இவ்விளையாட்டிற்கு ஒரு நெறி உண்டு. அதன்மேலேயே மற்றவையெல்லாம் நிற்கின்றன. பூட்டிற் சிக்கியவர் எதிரியின் உடம்பிலோ தரையிலோ கையால் இருமுறை தட்டவேண்டும். கை சிறைப்பட்டிருந்தால் காலால் தட்டலாம், வாயாற் சொல்லலாம். தட்டிய நொடியே மற்றவர் விட்டுவிடவேண்டும். பின்னர் இருவரும் கைகொடுத்து மீண்டும் தொடங்குவர். ஆமூர் மல்லனுக்கு இவ்வசதி இல்லை. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோலத் தலையும் காலும் ஒடிய எற்றப்பட்டு அவன் மாண்டான்.

எம்முடன் பெரும்பாலும் பயின்றவர் வைத்திக்குப்பத்துச் சிறுவர் ஒருவர். மாசிமகத்தன்று சாமிகள் கடலாட எழுந்தருளும் குப்பம் அது. பதினைந்து வயது, எம்மினும் எட்டுக் கிலோ குறைவு. வலையிழுத்துப் பழகிய கைகள். எம்மை அவர் "அண்ணா" என்பார். யாம் அவரைத் "தம்பி" என்போம். அவர் கையில் ஒருமுறை அகப்பட்ட துணி பின்னர் விடுபட்டதில்லை.

ஏப்ரல் மாதத்து மாலை ஒன்றில், வகுப்புத் தோழர் மூவர் எம் 'வீரத்தை'க் காண வந்து மாடிச் சுவரருகே நின்றனர். அவர்கள் முன்னிலையில் தம்பி எம் வலக்கையைப் பற்றிவிட்டார். மல்லாந்து கிடந்த எம் மார்பின் குறுக்கே அவர் கால்கள். எம் கை அவர் தொடைகளினிடையே. முழங்கைக்குக் கீழ் அவர் இடுப்பு, நெம்புகோலின் தாங்குகட்டையைப்போல. இடுப்பு மேலெழ எழக் கை நேராகும். நேரான பின்னர் அதற்குச் செல்வதற்கு வழியில்லை. தம்பி மெல்லவே எழுப்பினார், எழுப்பிவிட்டுக் காத்திருந்தார். யாம் தட்டவேண்டும். சுவரருகே மூவர் நின்றனர். தட்டவில்லை. "அண்ணா!" என்றார். தட்டவில்லை. சட்டென விடுபட எண்ணித் திமிறினோம். பச்சைப் பூவரசங்கிளை முறிவதுபோல ஓர் ஒலி கேட்டது. அவ்வொலி எம் முழங்கையினின்று வந்தது என்பதை அறியச் சிறிது நேரம் ஆயிற்று.

எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்தது என்றார் மருத்துவர். நான்கு கிழமை கை கட்டில் இருந்தது. எம் தந்தையார் ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். மண்ணிற் புரளும் கலை தமிழ் படிக்கும் பிள்ளைக்கு எதற்கு என்று முதலிலிருந்தே மறுத்தவர். மருத்துவமனையினின்று இரண்டுசக்கர வண்டியில் எம்மை அழைத்துவந்தபோது வழியெல்லாம் ஒரு சொல்லும் பேசவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். எம் பாட்டி மட்டும் கட்டைக் கண்டு, "யாக்கோபு விடியவிடியப் போராடித் தொடையைச் சுளுக்கிக்கொண்டான், ஆனால் ஆசீர்வாதம் வாங்காமல் விடவில்லை. நீ என்னப்பா வாங்கினாய்?" என்றார்.

யாம் வாங்கியது வேறு. பதினைந்து நாளிற் பருவத் தேர்வு. வலக்கை கட்டில் இருந்தமையின், யாம் சொல்ல எழுதுவதற்குக் கீழ்வகுப்பு மாணவர் ஒருவரை அமர்த்தினர். புறநானூற்றுத் தாளில் 80-ஆம் பாட்டே வினாவாக வந்தது! களத்திற் கண்டதையெல்லாம் கூறினோம். எழுதியவர் வணிகவியல் மாணவர், நல்லவர், ஆனால் ஆமூர் மல்லனை இறுதிவரை ஆம்பூர் மல்லன் என்றே எழுதிவிட்டார். பிரியாணியின் புகழ் அத்தகையது.

கட்டு அவிழ்ந்தபின் மாடிக்குச் சென்றோம். தம்பி எம்மோடு உருள மறுத்தார். மாஸ்டர் தனியே அழைத்துச் சொன்ன செய்தியே எம்மை வருத்திற்று. அன்று முதல் தம்பி யாருடைய கையையும் முடிவுவரை பூட்டுவதில்லையாம். கை நேராகும் வேளையில் தாமே விட்டுவிடுகின்றாராம். இடையிற் சென்னையில் நிகழ்ந்த ஒரு போட்டியிலும், எதிரியின் கையை நன்கு பற்றிய பின்னர் விட்டுவிட்டுத் தோற்றாராம். கேட்டதற்கு, "அந்தச் சத்தம் கேட்குது மாஸ்டர்," என்றாராம்.

எம் முழங்கைக்கு வந்த கேட்டை மட்டுமே யாம் அதுவரை எண்ணியிருந்தோம். தட்டுதலைத் தோற்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியென்று கருதியது எம் பிழை. அது வெல்பவரையும் காக்கின்றது. எதிரி தட்டுவார் என்னும் நம்பிக்கையினாலன்றோ ஒருவர் தம் முழு வலிமையையும் அச்சமின்றிச் செலுத்துகின்றார்? அந்நம்பிக்கையை யாம் பதினைந்து வயதுச் சிறுவரிடமிருந்து பறித்துவிட்டோம், மூவர் பார்வைக்காக. இக்கலையை வளர்த்த ஹீலியோவும் ஒருமுறை தட்டவில்லை. 1951-இல் ரியோ டி ஜெனிரோ நகரில் ஜப்பானிய வீரர் கிமுரா அவர் கையை முறுக்கினார். தமையனார் கார்லோஸ் குறுக்கிட்டுத் தோல்வியை ஏற்றார். அப்பூட்டிற்குத் தோற்றவர் குடியினரே வென்றவர் பெயரை இட்டனர். இன்றும் அது கிமுரா என்றே வழங்குகின்றது. பெயரிட்ட பெருந்தன்மையை யாம் வியக்கின்றோம். தட்டாமையை வியக்கும் நண்பர்களோடு இப்பொழுது உடன்படுவதில்லை.

தம்பியிடம் சென்று, "இடக்கையைப் பூட்டு, தொட்டதும் தட்டுகின்றேன்," என்றோம். நெடுநேரம் மறுத்தார். பின்னர்ப் பூட்டினார். கை வளைந்திருக்கும்போதே தட்டினோம். விட்டார். மீண்டும் பூட்டினார், தட்டினோம். பத்தாவது முறை சற்று நீட்டிய பின்னர்த் தட்டினோம். இருபதாவது முறை அவர் இடுப்பு எழுந்தது. மற்றவர் தங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாயினர். கை நேராகிய எல்லையில், அவர் தாமே விடாமல், எம் தட்டலுக்காகக் காத்திருந்தது எத்தனையாவது முறை என்று யாம் எண்ணவில்லை. தட்டினோம், விட்டார், சிரித்தார்.

எண்ணியவர் ஒருவர் இருந்தார். மாடிப்படியின் மேற்படியில் எம் தந்தையார் நின்றுகொண்டிருந்தார். எப்பொழுது வந்தாரென அறியோம். சாத்தந்தையார் அப்பாட்டில் ஓர் ஆசையை வெளியிடுகின்றார். பெருநற்கிள்ளியின் தந்தை தித்தன். இருவர்க்கும் மனம் பொருந்தவில்லை என்பர். தித்தன் மகிழினும் மகிழாவிடினும் இப்போரைக் காணவேண்டும் என்கின்றார் புலவர். தித்தன் கண்டிருந்தால் மகன் வெல்வதைக் கண்டிருப்பான். எம் தந்தையார் கண்டது, தம் மகன் ஒரு மீனவச் சிறுவரிடம் மாலை முழுதும் தோற்பதை.

வண்டியில் ஏறியபின், "நாற்பத்தொரு முறை," என்றார் அவர். வேறொன்றும் பேசவில்லை. கடற்கரைச் சாலையில் ஊர்திகள் செல்லலாகாத மாலை நேரமாதலின், உள்வீதிகளின் வழியே வீடு சேர்ந்தோம்.

உணவு முடிந்தபின் கோரைப்பாயை விரித்துத் தந்தையார் மல்லாந்து படுத்தார்; வலக்கையை எம் பக்கம் நீட்டினார். "அந்தப் பையன் செய்ததைச் செய், பார்ப்போம்," என்றார். அம்மா அடுக்களையினின்று எட்டிப் பார்த்து, "அறுபது வயசுல இது தேவையா?" என்றார். யாம் தந்தையாரின் மார்பின் குறுக்கே காலை வைக்கவும் கூசினோம், வைத்தோம். முழங்கைக்கு அடியில் இடுப்பை அமைத்தோம். தறியிலே தேய்ந்த கை. யாம் எண்ணியதினும் இலேசாக இருந்தது.

"வலித்தால் தட்டவேண்டும், அப்பா," என்றோம்.

"தெரியும்," என்றார்.

மயிரிழையளவு இடுப்பை எழுப்பினோம். அவர் தட்டவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மயிரிழை. தட்டவில்லை.

யாமே விட்டுவிட்டோம்.