எஸ்.எஃப். சாரோ: கேட்ட இரவுகளில் எழுதியவை

வெள்ளி இரவு

'தி ப்ரிட்டி திங்ஸ்' என்ற ஆங்கில ராக் குழுவின் 'எஸ்.எஃப். சாரோ'வை இன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். 1968 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளியான இசைத்தட்டு. 13 பாடல்கள், 40 நிமிடத்துக்குச் சற்று மேல்.

அந்தக் காலத்து சைக்கடெலிக் ராக் என்றாலே நிறங்கள், கனவு, மிதப்பு என்று மனம் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. இரண்டாம் பாடலான 'பிரேஸ்லெட்ஸ் ஆஃப் ஃபிங்கர்ஸ்' அதற்கு ஏற்றபடிதான் போனது. வெறும் குரல்கள் அடுக்கடுக்காக எழுந்தன. பிறகு எல்லாமே சுழலத் தொடங்கின. நான்காம் பாடலில் திடீரென்று ராணுவ அணிவகுப்பின் ஸ்னேர் டிரம். 'பிரைவேட் சாரோ': இந்தத் தட்டு சொல்லும் கதையின் நாயகன் சாரோ முதல் உலகப் போருக்குப் போகிறான். மேலே குழல் போன்ற ஓசை, குழந்தைப் பாட்டுக்குரிய இனிமையோடு. அந்த இனிமைதான் பயமாக இருந்தது. பாட்டு முடியும் இடத்தில் ஒரு குரல் பெயர்களை வாசித்துக்கொண்டே போகிறது. அதற்கு மேல் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

சனி

இன்று கதையோடு கேட்டேன். பாடகர் ஃபில் மே எழுதிய சிறுகதை ஒன்றிலிருந்து பிறந்த தொகுப்பு இது. பாடல்களை இணைக்கும் கதைப்பகுதிகள் உறையில் அச்சாகியிருக்கின்றன. உறை ஓவியமும் அவருடையதே. செபாஸ்டியன் எஃப். சாரோ சாதாரண வீட்டுப் பிள்ளை. தந்தை உழைக்கும் தொழிற்சாலையிலேயே வேலைக்குப் போகிறான், காதலிக்கிறான், போரில் தப்பிக்கிறான், அமெரிக்காவுக்குப் போகிறான். அவனைத் தேடி வரும் காதலியின் வான்கப்பல் அவன் கண்ணெதிரே எரிகிறது. 1937இல் நியூஜெர்சியில் எரிந்த ஹிண்டன்பர்க்கை நினைக்காமல் 'பலூன் பர்னிங்' பாடலைக் கேட்க முடியாது. கிட்டார் நின்ற இடத்திலேயே நின்று இடிக்கிறது, கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பவனைப் போல.

அடுத்தது 'டெத்'. இதில் குழுவைச் சேர்ந்த ஜான் போவியின் சிதார் வருகிறது. அன்றைய ஆங்கிலக் குழுக்கள் பலவும் சிதாரைக் கீழை நாட்டு மணத்துக்காகத் தொட்டுக்கொண்டன. இங்கே அது துக்கத்தைத் தாங்குகிறது. எனக்கு இந்தத் தட்டின் உச்சம் இதுதான்.

ஞாயிறு

பதிவான இடம் லண்டனின் ஆபி ரோடு ஸ்டூடியோ. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித்; 1965 வரை பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளராக இருந்தவர், 1967இல் பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர். பதிவின் பாதியில் டிரம்மர் ஸ்கிப் ஆலன் விலகி, அவர் இடத்துக்கு ட்விங்க் வந்தார். இந்த மாற்றத்தின் தடம் எதுவும் காதில் விழவில்லை.

வேதனை தருவது இதன் தலைவிதி. 'தி ஹூ' குழுவின் 'டாமி'யும் முழுக்க ஒரே கதையைச் சொல்லும் ஆல்பம்; அது வந்தது 1969 மே மாதத்தில். அதற்கு முன்பே இங்கிலாந்தில் வெளியாகிவிட்ட 'சாரோ' அமெரிக்காவுக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை 'டாமி'யின் நகல் என்று நினைத்தவர்கள் உண்டு. முன்னே போனவனைப் பின்தொடர்ந்தவன் என்று சொல்வது அநியாயம்.

கடைசிப் பாடல் 'லோன்லியஸ்ட் பர்சன்' இரண்டு நிமிடம்கூட இல்லை. அதுவரை குவிந்த ஸ்டூடியோ வித்தைகள் அத்தனையும் விலகி, ஒரு கிட்டாரும் குரலும் மட்டும் மிஞ்சுகின்றன. யாரையும் நம்ப முடியாத முதியவனாக சாரோ தனித்து நிற்கிறான். ஆறுதல் சொல்ல ஒருவரும் வருவதில்லை. அந்தத் துணிச்சலுக்காகவே ஃபில் மேயை வணங்குகிறேன். உலகை மறந்து பறப்பதற்கு மற்றவர்கள் பயன்படுத்திய ஒலிகளைக் கொண்டு, ஒரு தொழிலாளியின் வாழ்நாள் இழப்பை இந்தக் குழு எழுதிவிட்டது.

1998இல் அதே ஆபி ரோட்டில் முழு ஆல்பத்தையும் மேடைக்கச்சேரியாக வாசித்தார்கள். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் கிட்டாருடன் வந்தார், பாடகர் ஆர்தர் பிரவுன் கதை சொன்னார். ஃபில் மே 2020இல் காலமானார்.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிடித்த பாட்டை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். உறைக் கதையை வாசித்துவிட்டு, வரிசை மாற்றாமல், ஒரே அமர்வில் கேளுங்கள்.