கடலைப் பார்த்தபடி ஒரு நிலையம்

வானொலியில் ஐந்து விநாடி மௌனம் என்றாலே எங்களுக்கு வியர்த்துவிடும். ஷிமோநடாவில் என்னை இறக்கிவிட்டு அந்த ஒற்றைப் பெட்டி ரயில் போனபின், நெடுநேரம் அலைச்சத்தம் மட்டுமே கேட்டது.

ஜப்பானின் ஷிகோகு தீவில், எஹிமே மாநிலத்தில் இருக்கிறது இந்த நிலையம். ஊழியர் யாரும் இல்லை. ஒரே நடைமேடை, சிறிய கூரை, சில இருக்கைகள், எதிரே கடல். அவ்வளவுதான்.

1935-இல் திறந்தபோது கடல் இன்னும் நெருக்கத்தில் இருந்தது. பிறகு கரையை நிரப்பிச் சாலை போட்டார்கள். 1986-இல் மலைப்பக்கம் குறுக்குப் பாதை வந்ததும் விரைவு ரயில்கள் அந்த வழிக்கு மாறின. அதே ஆண்டு இது ஆளில்லா நிலையமாகவும் ஆனது.

இனி இங்கே யார் வருவார்கள்? ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அதே 1986-இல் நடைமேடையையே அரங்கமாக்கி, சூரியன் மறையும் வேளையில் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். பின்னர் 1998 முதல் 2000 வரை, மலிவு விலை ரயில் டிக்கெட் விளம்பரச் சுவரொட்டிகளில் இந்த நிலையம் மூன்று முறை இடம்பெற்றது. அதன்பின் கூட்டம் தேடி வந்தது.

இப்போது ஒரு சிக்கல். பலர் காரில் வந்து, படம் பிடித்துக்கொண்டு, காரிலேயே திரும்பிவிடுகிறார்கள். பயணிகள் இல்லாமல் கிராமத்து ரயில் எத்தனை நாள் ஓடும்?

நீங்கள் போனால் மட்சுயாமாவிலிருந்து ரயிலிலேயே போங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். கடலோரப் பாதையில் செல்லும் ரயில்தானா என்று கேட்டு ஏறுங்கள். திரும்பும் நேரத்தையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள், ரயில்கள் குறைவு.